கணினி விளையாட்டும் களவில்லா வழியும்

‘விளையாட்டு வினையாகும்’ என்பது முதியோர் வாக்கு. எமது இல்லத்தில் அது மெய்யாகவே வினையாயிற்று. வினையான பின்னர் ஓரளவு வித்தையும் ஆயிற்று. பிள்ளைகளையும் கணினியையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கும் பெற்றோருக்கு அவ்வரலாறு பயன்படக்கூடும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் கிண்ணியாவிலுள்ள கல்லூரியொன்றில் ஆசிரியத் தொழில் புரிபவர்கள். இல்லம் அருகேயுள்ள ஆலங்கேணியில். வீட்டிலே பிறர் பாவித்துக் கழித்த கணினி ஒன்று உண்டு. அதனை விற்ற கடைக்காரர் விண்டோஸையும் ஏற்றியே தந்தார். அதற்கு அனுமதி உண்டா என்று நாம் கேட்கவில்லை. இல்லை என்று அவரும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பிற் படிக்கும் எமது மைந்தன் நண்பர்களிடமிருந்து பென்டிரைவிற் படியெடுத்த விளையாட்டுகளை அவ்வப்போது கொண்டு வருவான். விளையாடி முடித்தபின் பாடம் படித்தால் போதுமென்று நாமும் வாளாவிருந்தோம்.

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் இரவு, புதிதாகக் கொணர்ந்த விளையாட்டொன்றைத் திறந்தான். சிறிது நேரத்திற் கணினியில் இருந்த கோப்புகள் யாவும் பூட்டுண்டன. பணம் அனுப்பினாற் திறந்து விடுவதாக ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் திரையிலே தோன்றியது. மூன்றாண்டுகளாகத் தட்டெழுதிய பாடக்குறிப்புகள் போயின. மாணவரின் புள்ளிப் பட்டியல்கள் போயின. அவற்றை மீண்டும் எழுதிக்கொள்ளலாம். ஆனால், கனடாவில் வாழும் எமது தங்கை கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது, காலஞ்சென்ற எம் தாயார் தமது கைப்பக்குவங்களைச் சொல்லச் சொல்லப் பதிந்து வைத்த ஒலிப்பதிவும் அக்கணினியிலேயே இருந்தது. வேறு பிரதி இல்லை. அக்குரலை இனி எங்கே கேட்பது?

மைந்தனைக் கடிந்துகொண்டோம். களவாகப் படியெடுத்த பண்டத்தை வீட்டுக்குட் கொண்டுவந்ததன் பலன் இது என்றோம். அவன் தலைகுனிந்து நின்று, மெல்லக் கேட்டான்: “படியெடுத்த விளையாட்டுக் களவென்றால், நாங்கள் பாவிக்கிற விண்டோஸும் களவுதானே, அப்பா?”

வகுப்பறையிலே நேர்மையைப் போதிக்கும் எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

பணிசெயல் முறைமை

அடுத்த வாரம், எமது கல்லூரியிலே தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். “சேர், கணினியைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போடுவோம். காசும் இல்லை; களவும் இல்லை” என்றார்.

கணினியின் பொறிகளுக்கும் மனிதருக்கும் இடையே நின்று, ஏவல் கேட்டுப் பணி முடிக்கும் மென்பொருளையே எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என அழைக்கின்றன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் அவற்றுள் பலரும் அறிந்தது. அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளதென்று வெளியார் பார்க்க இயலாது. பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் அனுமதி இல்லை. இதற்கு மாறான கொள்கையுடன் 1983 ஆம் ஆண்டிலே அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் ‘குனு’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். 1991 இல், பின்லாந்திலே பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், முறைமையின் கருப்பகுதியைத் தாமே எழுதி இணையத்தில் வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளும் கூடி வளர்ந்ததையே இன்று லினக்ஸ் என்கிறோம். இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், அயலவருக்கும் அளிக்கலாம். அவ்வாறு அளிப்பது களவன்று, ஈகையே.

இத்தகைய திறந்த மூல மென்பொருள் எம் நாட்டுக்குப் புதியதுமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியாவைச் சூறையாடியதை இவ்வூரார் மறவார். அந்நாட்களிலே காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றின் விவரங்களை ஒழுங்குபடுத்தும் பொருட்டு இலங்கைக் கணினியியலாளர் பலர் தொண்டர்களாகக் கூடி ‘சஹன’ என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். சஹன என்பது நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல். பின்னர் 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெய்ட்டியிலும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்தபோது அதே மென்பொருள் அங்கும் பணிக்கு வந்தது.

வேறொரு காரணமும் எம்மைத் தூண்டியது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடையும் என்று மைக்ரோசொப்ட் அறிவித்திருந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, எமது கணினி போன்ற பழைய பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. புதிய கணினி வாங்க ஆசிரியச் சம்பளம் இடந்தருமா? ஆகவே லினக்ஸுக்கு உடன்பட்டோம். மைந்தனும் உடன்பட்டான், ஆயின் ஒரு கேள்வியோடு. “அதிலே விளையாட்டு ஓடுமா?”

பாதையில் ஏற்றிய காலம்

இக்கேள்வியை எளிதாக எண்ணிவிடலாகாது. விளையாட்டு என்பது ஒவ்வொரு கணமும் முறைமையை நோக்கி, இக்கோப்பைத் திற, இச்சித்திரத்தை வரை, இவ்வொலியை எழுப்பு என்று ஏவிக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருள். விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு, விண்டோஸ் அறிந்த பெயர்களைக் கொண்டே ஏவும். லினக்ஸில் அப்பெயர்களுக்கு மறுமொழி கூறுவார் இல்லை. எனவே விளையாட்டை லினக்ஸுக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தாக வேண்டும். இவ்வேலையைக் கணினியியலார் ‘போர்ட்டிங்’ என்பர். துறைமுக மாவட்டத்தவராகிய எமக்கு அச்சொல்லைக் கேட்டதும் துறைமுகமே நினைவுக்கு வருகிறது; உண்மையில் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குச் சுமந்து செல்லுதலே அதன் பொருள்.

எம் பகுதியிலே ‘பாதை’ என்பது மக்களையும் வாகனங்களையும் நீரைக் கடத்தும் மிதவைக்குப் பெயர். 2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலைக்குப் போக விரும்பியோர் துறையிலே பாதைக்காகக் காத்து நின்றனர். பாதை ஏற்றியது சிலரையே. ஏனையோர் மறுமுறை வரும்வரை நிற்க வேண்டியதுதான். லினக்ஸ் விளையாட்டுகளின் முதற்காலமும் இவ்வாறே இருந்தது.

அமெரிக்காவின் ஐடி சொப்ட்வெயர் நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டு உலகெங்கும் பெயர் பெற்றது. அது சுடும் விளையாட்டு. சிறுவருக்கு நாம் பரிந்துரைப்பதன்று. எனினும் வரலாற்றிலே அதற்கு ஓரிடம் உண்டு. அந்நிறுவனத்தில் பணியாற்றிய டேவ் டெய்லர் 1994 இல் அதனை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1997 இறுதியில் அதன் மூல நிரலையே நிறுவனம் பகிரங்கமாக்கியபோது, வெளியிடப்பட்டது பழைய டொஸ் முறைமைக்குரிய நிரலன்று, லினக்ஸ் நிரலே. டொஸ் பதிப்பிலே கலந்திருந்த ஒலிப்பகுதி பிறருக்கு உரிமையானதாக இருந்தமையே காரணம். தன் உழைப்பை உவந்து கொடுப்பவனும் பிறர் உடைமையைக் கொடுத்தல் ஆகாது என்ற நெறியை இங்கே காண்கிறோம். களவைப் பற்றிப் பேசப் புகுந்த எமக்கு இது நல்லதொரு பாடம்.

1998 இல் ஸ்கொட் ட்ரேக்கர் என்பவர் கலிபோர்னியாவிலே லோக்கி சொப்ட்வெயர் என்னும் நிறுவனத்தை ஆரம்பித்தார். பிறர் உருவாக்கிய விளையாட்டுகளை உரிமை பெற்று லினக்ஸுக்கு மாற்றி விலைக்கு விற்பதே அதன் தொழில். 1999 இல் ‘சிவிலைசேஷன்: கோல் டு பவர்’ என்ற விளையாட்டுடன் அது வணிகத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது, வாங்குவோரோ சிலர். 2002 ஜனவரியில் நிறுவனம் மூடப்பட்டது.

ஆயினும் அவ்வுழைப்பு வீணாகவில்லை. அங்கே முதன்மை நிரலாளராக இருந்த சாம் லண்டிங்கா, திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றை எந்த முறைமையிலும் ஒரே விதமாகக் கையாள உதவும் எஸ்டிஎல் என்னும் மென்பொருட் கருவியை 1998 இல் ஆரம்பித்து வளர்த்திருந்தார். அது திறந்த மூலமாதலால் நிறுவனம் மறைந்த பின்பும் வாழ்ந்தது. இன்றும் எண்ணற்ற விளையாட்டுகள் அதன்மேல் நின்றே ஓடுகின்றன. வணிகம் மூழ்கிய இடத்திலே, பகிர்ந்துகொண்ட கருவி மிதந்தது.

பாலம் வந்த வகை

ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே ஏற்றி இறக்குவதற்குப் பதிலாக, யாவும் கடந்து செல்ல ஒரு பாலம் அமைத்தால் என்ன? இவ்வெண்ணத்தில் 1993 இல் பிறந்தது ‘வைன்’ என்னும் திட்டம். 1994 முதல் அதனை வழிநடத்துபவர் அலெக்சாந்தர் ஜூலியார். முதல் நிறைவுப் பதிப்பு வெளிவந்த ஆண்டு 2008. பதினைந்து ஆண்டுகளாயின என்பதிலிருந்தே வேலையின் கடினத்தை உணரலாம்.

வைன் செய்வது யாது? தமிழ் மட்டும் அறிந்த முதியவர் ஒருவர், சிங்களம் மட்டும் அறிந்த எழுதுவினைஞர் முன்னே மனுவுடன் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இருவரிடத்தும் குற்றமில்லை, இடையே துபாசி இல்லை என்பதே குறை. வைன் அத்துபாசியின் இடத்தில் நிற்கிறது. விளையாட்டு விண்டோஸின் பெயர் சொல்லி ஏவுவதைக் கேட்டு, அதே பணியை லினக்ஸின் வழியிற் செய்வித்து, விடையை விண்டோஸ் தருவது போலவே திருப்பித் தருகிறது. விளையாட்டு தான் வேற்றிடத்தில் இருப்பதை அறிவதில்லை.

சித்திரங்களே பெருந்தடையாக இருந்தன. விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரைய ‘டைரக்ட் திறீடி’ என்னும் மைக்ரோசொப்டின் முறையைக் கைக்கொள்பவை. பிலிப் ரெபோலே என்ற நிரலாளர், தாம் விரும்பிய ‘நீயர்: ஒட்டோமாட்டா’ என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையினால், அவ்வேவல்களை ‘வல்கன்’ என்னும் பொது முறைக்கு மாற்றித் தரும் ‘டிஎக்ஸ்விகே’ என்பதை எழுதத் தொடங்கினார். ஒருவருடைய விளையாட்டு ஆசை பலருக்குப் பயன்பட்டமைக்கு இது சான்று.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்த பெருமை அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்துக்கு உரியது. இணையவழி விளையாட்டு விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் கடை அதனுடையது. 2013 பெப்ரவரியில் ஸ்டீமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2015 இல் லினக்ஸினால் இயங்கும் ‘ஸ்டீம் மெஷின்’ என்னும் விளையாட்டுப் பொறிகளும் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஓடும் விளையாட்டுகள் குறைவாக இருந்தமையால் அம்முயற்சி சோபிக்கவில்லை. தோல்வி கற்பித்த பாடத்தினால், வைன், டிஎக்ஸ்விகே முதலியவற்றை இணைத்து ‘புரோட்டான்’ என்ற பெயரிலே 2018 ஓகஸ்டில் வெளியிட்டது. அன்று முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகள் 27. இன்றோ ஆயிரக்கணக்கானவை அவ்வழியே ஓடுகின்றன. 2022 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்த ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கணினியும் லினக்ஸிலேயே இயங்குகிறது. ஸ்டீம் நடத்தும் கணக்கெடுப்பிலே, லினக்ஸில் விளையாடுவோர் 2025 ஒக்டோபரில் நூற்றுக்கு மூவர் என்ற அளவை முதன்முறையாகத் தாண்டினர். சிறுதொகையே எனினும் வளரும் தொகை.

பாலத்தின் குறைகள்

நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளிலே ஏமாற்றுவோரைப் பிடிக்க, முறைமையின் ஆழத்துட் புகுந்து கண்காணிக்கும் காவல் மென்பொருளை நிறுவனங்கள் வைத்துள்ளன. ‘வலொரன்ட்’, ‘ஃபோர்ட்நைட்’ ஆகியவை இக்காரணத்தால் லினக்ஸில் ஓடுவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ‘ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ்’ என்பதும் 2024 ஒக்டோபர் இறுதியில் லினக்ஸ் விளையாட்டாளருக்குக் கதவடைத்தது. பிள்ளை விரும்புவது இத்தகைய விளையாட்டாயின், முன்னரே உண்மையைச் சொல்லிவிடுதல் நன்று.

இரண்டாவது குறை சிறிது நுட்பமானது. பாலம் வந்தபின் பாதைக்கு வேலை குறைந்தது போல, புரோட்டான் வந்தபின் லினக்ஸுக்கெனவே விளையாட்டை மாற்றி எழுதும் ஊக்கமும் பல நிறுவனங்களிடம் குறைந்தது. மேலும், விலைக்கு வரும் விளையாட்டு எங்கே ஓடினாலும் அதன் மூல நிரல் மூடியே இருக்கிறது. கட்டற்ற மென்பொருளின் முன்னோடியான ஸ்டோல்மன் 2012 இல் இதனை ஆராய்ந்தபோது, அத்தகைய விளையாட்டுகளைத் தாம் ஏற்கவில்லை என்றார். ஆயினும் ஆடியே தீருவோர் விண்டோஸில் ஆடுவதினும் குனு-லினக்ஸில் ஆடுவது மேல் என்றும் கூறினார். கொள்கையிற் சிறிதும் வளையாத ஒருவரே இவ்வளவு இடங்கொடுத்தார் எனின், இல்லறத்தாராகிய நாம் அதனை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை என்றே தோன்றுகிறது.

வெண்பாவின் சமையலறை

இனி எமது இல்லத்துக்கு மீள்வோம். கணினி துடைக்கப்பட்டு லினக்ஸ் ஏற்றப்பட்டது. பழைய விளையாட்டுகளுக்கு ஒரே நிபந்தனை விதித்தோம்: விலை கொடுத்து வாங்கியதோ, உரியவரே இலவசமாகக் கொடுத்ததோ அன்றி வேறெதுவும் இக்கணினியில் ஏறலாகாது. மைந்தன் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டான்.

நடந்ததைக் கேள்வியுற்ற தங்கை தொலைபேசியில் நெடுநேரம் பேசவில்லை. அம்மாவின் ஒலிப்பதிவுக்கு வேறு பிரதி எடுக்காமற் போனோமே என்ற துயரம் அவளுக்கும் இருந்தது. சில நாட்களின் பின் அழைத்து, “மருமகனிடம் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அண்ணா” என்றாள்.

வெண்பா, ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலை 31 இல் வெளியிட்டது. தமிழகத்திலிருந்து கனடாவுக்குச் சென்று 1980 களின் இறுதியிலே குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர், தந்தை பாவலன், மகன் கவின். தன் அன்னையின் சமையற் குறிப்பேடு பழுதடைந்து எழுத்துகள் அழிந்துபோக, எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு உணவுகளை மீண்டும் செய்து பார்ப்பதே விளையாட்டு. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அறிமுக விளையாட்டுக்கான விருதை இதற்கு அளித்தது. தங்கை இதனை ஏன் தெரிந்தெடுத்தாள் என்பதை நாம் அவளிடம் கேட்கவில்லை.

விண்டோஸுக்கும் விளையாட்டுப் பொறிகளுக்கும் வெளியான வெண்பா, லினக்ஸுக்கெனத் தனியே வெளிவரவில்லை. எனவே பாலத்தையே நம்பினோம். வங்கி அட்டையாற் பணஞ் செலுத்தி ஸ்டீமில் வாங்கினோம். முதல்நாள் திரை கறுத்து நின்றதேயன்றிப் படம் தோன்றவில்லை. மைந்தன் அயர்ந்துவிடவில்லை. கணினி பதிந்து வைத்த பிழைச் செய்திகளை வரிவரியாகப் படித்தான்; விளங்காதவற்றை இளம் ஆசிரியரிடம் கேட்டான். வல்கன் முறைக்குரிய இயக்கி மென்பொருள் நிறுவப்படவில்லை என்பதை இரண்டாம் நாள் மாலையிலே தானே கண்டுபிடித்தான். முன்னர் பென்டிரைவில் வந்ததை அழுத்தி ஆடிய பிள்ளை, இப்போது கணினி எவ்வாறு படம் வரைகிறது என்று எமக்கு விளக்கினான். வித்தையும் ஆயிற்று என்று தொடக்கத்திற் கூறியது இதனையே.

அன்றிரவு குடும்பத்தார் யாவரும் சூழ்ந்திருந்து பார்த்தோம். இட்டலியில் தொடங்கிய சமையல் பிட்டுக்கு வந்தபோது, எம் துணைவியார் அடுக்களையை விட்டு வந்து, “முதலிலே தேங்காய்ப்பூவைப் போடடா” என்று மைந்தனுக்குக் கட்டளையிட்டார். அவன் மாமியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டான். பிட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சு, எம் தாயார் வைக்கும் மீன் சொதிக்கும் பால்றொட்டிக்கும் சென்றது. தங்கைக்கு நினைவிருந்தது கொஞ்சம். எமக்கு நினைவிருந்தது கொஞ்சம். மைந்தன் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டான். குரல் மீளவில்லை, இரண்டு பக்குவங்கள் மீண்டன. அவற்றை இப்போது மூன்று இடங்களிலே பிரதியெடுத்து வைத்துள்ளோம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

இவ்வழியை நாட விரும்புவோர் முதலிற் கணினியில் உள்ளவற்றை வேறிடத்திற் பிரதியெடுத்தல் வேண்டும். லினக்ஸின் பல வகைகளை, கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிடித்தபின் நிறுவினாற் போதும். விரும்பும் விளையாட்டு லினக்ஸில் ஓடுகின்றதா என்பதை ‘புரோட்டான்டிபி’ என்னும் தொகுப்பிலே விளையாடியோரே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீமில் வாங்கியது ஓடாவிடின் கவலை வேண்டாம். வாங்கிப் பதினான்கு நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆடியிருந்தால், பணத்தை மீளக் கேட்டுப் பெறலாம்.

விளையாட்டே கூடாதென்று பிள்ளைகளைத் தடுப்பது இக்காலத்தில் ஆகிற காரியமன்று. எப்படியாவது விளையாடட்டும் என்று விட்டுவிடுவதும் தகாது. பிறர் உழைப்புக்கு விலை கொடுத்து, பிறர் ஈந்ததற்கு நன்றி கூறி விளையாடக் கற்பிக்கலாம். அதற்கு முன்னர் எமது கணினியில் இருப்பது எவ்வாறு வந்தது என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எமது மைந்தன் கேட்ட கேள்வியை உங்கள் பிள்ளை கேட்கும்வரை காத்திராதீர்கள்.